லீட்ஸிலிருந்து வந்த இரண்டு டின்கள்

சிடாம் கிரி தோட்டம்,
கெடா, மலாயா,
12-9-1952

அன்புத் தங்கை ஜேனுக்கு,

அக்கா கேதரின் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அத்தான் கென்னத்தும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே இந்நேரம் காலைக் குளிர் தொடங்கியிருக்கும். படுக்கப் போகும்போது கம்பளிக் காலுறையைக் கழற்றாதே. முதல் வருஷம் என் கால் விரலெல்லாம் வீங்கிச் சிவந்து, வார்டில் நிற்க முடியாமல் அழுதிருக்கிறேன்.

நான் தாதிப் பயிற்சி எடுத்த அதே ஆஸ்பத்திரியில் உனக்கும் இடம் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அதே விடுதி, அதே தெரு. வாசலில் இறங்கி இடது பக்கம் திரும்பினால் மூலையில் மிஸஸ் பார்லோவின் மளிகைக் கடை இருக்குமே, போனாயா? கதவைத் தள்ளினால் தலைக்கு மேல் சின்ன மணி ஒன்று அடிக்கும். சோப்பும் தேயிலையும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் கலந்து ஒரு வாசனை வரும். வெண்ணெயைப் பெரிய கட்டியிலிருந்து வெட்டி, இரண்டு மரத்தட்டைகளால் தட்டித் தட்டிச் சதுரமாக்குவாள். பாலாடைக்கட்டியைக் கம்பியால் அறுப்பாள். ரேஷன் புத்தகத்தில் கூப்பனை வெட்டிக்கொண்டு, "அவ்வளவுதானா, லவ்?" என்று செல்லமாகக் கேட்பாள். அப்பா சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்த அன்றும் அவள் அப்படித்தான் கேட்டாள். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

இங்கே தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டாயிற்று. காலையில் ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் வாசலில் வரிசையாக நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பிடி அரிசிகூட வெளியே போகக்கூடாது. கடையில் டின் வாங்கினால், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேராதபடி, கடைக்காரர் நம் கண்முன்னாலேயே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். எல்லாம் பழகிவிட்டது. நீ கவலைப்படாதே.

எனக்காக ஒரு காரியம் செய். வருகிற சனிக்கிழமை மிஸஸ் பார்லோ கடைக்குப் போய் உடைந்த பிஸ்கட் கால் பவுண்டு வாங்கு. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் வைத்திருப்பாள். என்னென்ன பார்த்தாய் என்று ஒன்று விடாமல் எழுது.

உன் நலம் நாடும் அக்கா,
கேதரின்

*

லீட்ஸ்,
6-10-1952

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஜேன் எழுதிக்கொள்வது. நான் நலம். கால் விரல்களும் நலம். உங்கள் சுகத்தையும் அத்தான் சுகத்தையும் அறிய ஆவல்.

நீங்கள் சொன்ன கடைக்கு இன்று போனேன். மணி அடித்தது. வாசனையும் அப்படியேதான். நேற்று முதல் தேயிலைக்குக் கூப்பன் தேவையில்லை என்றாகிவிட்டதால் கடையில் ஒரே பேச்சு. ஒரு கிழவர் கால் பவுண்டுப் பொட்டலத்தை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பையில் போட மனம் வரவில்லை போலும். மிஸஸ் பார்லோவிடம் உங்கள் பெயரைச் சொன்னேன். "அந்த உயரமான பெண்ணா, எப்போதும் சிரிப்பாளே" என்று உங்களை மிகவும் விசாரித்தாள்.

எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், உங்கள் ஊரில் கடைகள் உண்டா என்று கேட்டாள். பாசாரில் எங்களுக்கு இருபது வகை மீன் கிடைக்கும் என்றேன். நம்பவில்லை. அக்கா, நீங்கள் மூன்று வருஷமும் இந்த ஊரைப் பற்றி ஓயாமல் எழுதினீர்கள். இங்கே வெயில் கிடையாது என்பதை மட்டும் எழுதவில்லை.

இங்குள்ள பத்திரிகையில் மலாயாவில் தோட்டத் துரைமார்களைச் சுடுகிறார்கள் என்று அடிக்கடி வருகிறது. கெடா என்றும் ஒரு முறை பார்த்தேன். உங்களுக்குப் பக்கத்திலா? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

அன்புத் தங்கை,
ஜேன்

*

சிடாம் கிரி தோட்டம்,
30-10-1952

அன்புத் தங்கை ஜேனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கு சுகம், அங்கும் சுகமே இருக்க மாதாவை வேண்டுகிறேன். பத்திரிகைக்காரர்கள் எழுதுவதையெல்லாம் வாசித்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

மிஸஸ் பார்லோ என்னை மறக்கவில்லை என்று வாசித்ததும் உன் கடிதத்தை அத்தானிடம் காட்டினேன். நான் வேலை செய்யும் தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் வாசித்தேன். அங்கே காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸர் மனோகரன், "மிஸ்ஸி, நீங்க பேசாம சீமைக்கே திரும்பிப் போயிரலாம் லா" என்று சிரித்தார். இங்கே தாதிமார்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மனோகரனுக்கு முப்பது வயதிருக்கும். மனைவியோடும் தாய் பிச்சையம்மாளோடும் கடைசி லயத்தில் இருக்கிறார். கைத்திறன் உள்ளவர். அவர் கட்டிய கட்டு அவிழாது.

லீட்ஸில் அப்போதெல்லாம் சனிக்கிழமை மாலை வேலை முடிந்து நானும் மற்றப் பெண்களும் கடைத்தெருவில் நடப்போம். ஒன்றும் வாங்கமாட்டோம். கண்ணாடி ஜன்னல்களில் தொப்பி, கையுறை, பீங்கான் கோப்பை எல்லாம் பார்த்துக்கொண்டே போவோம். கடைசியில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் செய்தித்தாளில் சுற்றி வாங்கி, வினிகர் மணக்க மணக்க நடந்துகொண்டே தின்போம். இங்கே போன வாரம் தோட்டத்து வாசலில் என் பையைச் சோதித்த பெண், காயத்துக்குப் போடும் பஞ்சுச் சுருளை விரித்து உதறினாள். சேற்றில் விழுந்தது. நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது: லீட்ஸில் மூன்று வருஷம் கூடை சுமந்திருக்கிறேன், ஒரு நாள்கூட அதில் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

மரம் சீவும் ராக்காயிக்கு ஆண் குழந்தை பிறந்தது. நான்தான் எடுத்தேன். மிகவும் சின்னது. அவள் கணவன் பிச்சையை ஆகஸ்ட் மாதத்திலிருந்து யாரும் பார்க்கவில்லை. எங்கே என்று யாரும் கேட்பதும் இல்லை.

முடிந்தால் மிஸஸ் பார்லோ கடையிலிருந்து மால்ட் மாவு வாங்கி அனுப்பு. இரவு வேலையில் சூடான பாலில் கலந்து குடிப்போமே, அதுதான். அதன் ருசி நாக்கிலேயே நிற்கிறது.

என்றும் உன்னை நினைக்கும்,
கேதரின்

*

லீட்ஸ்,
25-11-1952

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இருமல் கொஞ்சம் இருந்தது, போய்விட்டது. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பார்சல் இன்று கப்பலில் போகிறது. மால்ட் மாவு இரண்டு டின், ஒரு ஜோடிக் கையுறை (போடமாட்டீர்கள் என்று தெரியும், பார்த்துக்கொண்டிருங்கள்), ஒரு சோப்பு, உடைந்த பிஸ்கட். பிஸ்கட் கப்பலில் இன்னும் உடையும். டின் மூடிகளின் மேல் மிஸஸ் பார்லோ தன் கடைச் சீட்டை ஒட்டிக் கொடுத்தாள். சிவப்புக் கரை போட்டு, பெயரும் தெருவும் அச்சடித்த சீட்டு. தபால் படிவத்தில் 'உணவு, அன்பளிப்பு' என்று மட்டும் எழுதினேன். கிறிஸ்மஸுக்கு வந்து சேராது. புது வருஷத்தில் குடியுங்கள்.

ஜேன்

*

சிடாம் கிரி தோட்டம்,
16-1-1953

அன்புத் தங்கை ஜேனுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். நாங்கள் நலம். உன் இருமல் திரும்பி வரவில்லையே?

பார்சல் வந்துவிட்டது. மனோகரன் சுங்கைப் பட்டாணித் தபாலாபீஸுக்குப் போய்க் கையெழுத்திட்டு, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். இரண்டு டின்னும் நசுங்காமல் வந்தன. ஒன்றை அன்றே திறந்தேன். அத்தான் மருந்து வாடை அடிக்கிறது என்று ஒதுங்கிவிட்டார். நான் அடுக்களையில் நின்றபடியே இரண்டு கோப்பை குடித்தேன். கையுறையையும் போட்டுப் பார்த்தேன். அத்தான் சிரித்த சிரிப்பைப் பல மாதங்களுக்குப் பிறகு கேட்டேன்.

கிறிஸ்மஸ் பூசை ஊரடங்கு உத்தரவால் பிற்பகல் மூன்று மணிக்கே நடந்தது.

ராக்காயியின் குழந்தை தேறவில்லை. மூன்று மாதமாகியும் எடை ஏறவில்லை. தாய்க்குப் பால் வற்றிவிட்டது. ஓட்டை போட்ட டின்பால் இந்தப் புழுக்கத்தில் இரண்டே நாளில் கெட்டுப்போகிறது. பார்ப்போம்.

அன்புடன் அக்கா,
கேதரின்

*

லீட்ஸ்,
8-2-1953

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

வியாழக்கிழமை முதல் மிட்டாய்க்குக் கூப்பன் தேவையில்லை. தெருவெல்லாம் பிள்ளைகள். மிஸஸ் பார்லோ மிட்டாய் ஜாடிகளைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, கதவைத் திறக்குமுன் கும்பிடுவதுபோல் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். மதியத்துக்குள் ஜாடிகள் காலி. ஏழு வயதுப் பெண் ஒருத்தி ஒரு மிட்டாயை வாயில் போட்டுவிட்டு, இன்னொன்று வாங்கலாமா என்று அம்மாவைக் கேட்காமல் கடைக்காரியைக் கேட்டாள். கூப்பன் இல்லாத கடையை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

இரண்டாவது டின்னைத் திறந்தாயிற்றா? தீர்ந்தால் எழுதுங்கள், இன்னும் அனுப்புகிறேன்.

ஜேன்

*

லீட்ஸ்,
14-3-1953

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உங்கள் கடிதம் இல்லை. உடம்புக்கு என்ன? அத்தான் நலமா? நீங்கள் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததே இல்லை. இரண்டு வரி போதும்.

ஜேன்

*

சிடாம் கிரி தோட்டம்,
22-3-1953

அன்புள்ள ஜேனுக்கு,

நாங்கள் நலம். ஆஸ்பத்திரியில் வேலை அதிகம்.

ஜனவரியில் நான் எழுதிய கடிதத்தில் ஒரு பிழை செய்துவிட்டேன். பார்சலில் ஒரு டின்தான் வந்தது. மகிழ்ச்சியில் தவறாக எழுதிவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள். இனி பார்சல் ஒன்றும் அனுப்ப வேண்டாம். கடைகளைப் பற்றியும் எழுத வேண்டாம், நேரம் கிடைப்பதில்லை.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

கேதரின்

*

பினாங்கு,
2-4-1953

அன்புள்ள ஜேனுக்கு,

உன் அத்தான் கென்னத் எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வேலையாகப் பினாங்கு வந்தேன். தோட்டத்துக் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று சந்தேகம். அதனால் இதை இங்கே தபாலில் சேர்க்கிறேன். உன் அக்காவுக்குத் தெரியாது.

பிப்ரவரி முதல் வாரம் ராக்காயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மரம் சீவப் போனாள். திரும்பி வரவில்லை. காட்டில் இருக்கும் புருஷனிடம் போய்விட்டாள். மார்ச்சில் ராணுவம் காட்டுக்குள் ஒரு முகாமைப் பிடித்தது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். அங்கே ஒரு டின் கிடந்தது. ஓட்டை போடாத டின். மூடியில் சிவப்புக் கரைச் சீட்டு, லீட்ஸ் முகவரி. இந்த வட்டாரத்தில் லீட்ஸிலிருந்து பார்சல் வருவது ஒரே வீட்டுக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கேதரின் ஒரு டின்தான் வந்தது என்று சொல்லி, அடுக்களையில் இருந்ததைக் காட்டினாள். பார்சலை எடுத்துவந்தவர் மனோகரன். மார்ச் 18ஆம் தேதி அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். வழியில் ஒரு டின்னைத் திருடிக் காட்டுக்காரர்களுக்குக் கொடுத்தார் என்று சந்தேகம்.

உன்னிடமும் வந்து கேட்பார்கள். ஒரு டின்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிடு. அப்போது காட்டில் கிடந்தது எப்படியோ வந்த வேறு டின் என்று ஆகும், மனோகரனும் தப்பலாம். இரண்டு என்று சொன்னால் கேதரினுக்குப் பல வருஷச் சிறை. இல்லையென்றால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். எங்களுக்கு அங்கே யாரைத் தெரியும்? உன் அக்கா சாப்பிடுவதில்லை. லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறாள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அத்தான்,
கென்னத்

*

லீட்ஸ்,
14-4-1953

பிரியமுள்ள அக்காவுக்கு,

இதை உங்கள் கோயில் பாதர் முகவரிக்கு அனுப்புகிறேன். அவர் கையில் கொடுப்பார். அத்தான் எனக்கு எழுதினார். அவரைக் கோபிக்காதீர்கள்.

சனிக்கிழமை மேட்ரன் என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். வயதான கான்ஸ்டபிள் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலாயாவிலிருந்து ஒரு விசாரணை, எத்தனை டின் அனுப்பினீர்கள் மிஸ் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.  கடைச் சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். இரண்டு வாரத்தில் திரும்ப வருவதாகச் சொன்னார். மேட்ரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'இரண்டு டின்னும் நசுங்காமல் வந்தன' என்று உங்கள் கையெழுத்தில் என் பெட்டியில் இருக்கிறது. அதை எரிக்க இரண்டு தடவை கணப்பருகே போனேன். முடியவில்லை.

அக்கா, நான் உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். மிஸஸ் பார்லோவுக்கு உங்களை நினைவில்லை. உங்கள் பெயரைச் சொன்னதும், இந்த ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் வருகிறார்கள், எல்லாரும் ஒன்றுபோல இருக்கிறார்கள் என்றாள். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று மாற்றி எழுதினேன். பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அவளை நல்லவளாகவே எழுத வேண்டியதாயிற்று. ஒரு வரிப் பொய் எப்படி வளரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் என் பொய்யினால் யாரும் அடைபட்டுக் கிடக்கவில்லை.

ஒன்று என்று நான் சொன்னாலும் மனோகரனை விடுவார்கள் என்று நம்பிக்கையில்லை. பார்சலில் கையெழுத்திட்டவர் அவர்தான். என்னால் பொய் சொல்ல முடியாது. உங்களைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. நான் வாய் திறப்பதற்கு முன் நீங்கள் திறக்க வேண்டும். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தது நீங்கள். 

கான்ஸ்டபிள் 25ஆம் தேதிக்கு மேல் வருவார்.

ஜேன்

*

சிடாம் கிரி தோட்டம்,
25-4-1953, காலை

என் அன்புத் தங்கை ஜேனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்று பத்து மணி பஸ்ஸில் சுங்கைப் பட்டாணி போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். அத்தானும் வருகிறார். போகுமுன் உனக்கு முழுவதும் எழுதிவிடுகிறேன். இனி எப்போது எழுத முடியுமோ தெரியாது.

டின்னை நான்தான் கொடுத்தேன். ஜனவரி கடைசியில் ராக்காயி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. கன்னம் ஒட்டிக் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. திறக்காத டின்னை எடுத்தேன். சட்டப்படி ஓட்டை போட்டிருக்க வேண்டும். ஆணியை எடுத்துக் கையில் பிடித்தும் பார்த்தேன். ஓட்டை போட்டால் மாவு ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும், மூன்று நாளுக்கு மேல் நிற்காது. ஆணியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கொடுத்தேன். அவள் கணவன் பிச்சை எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய். லயத்தில் எல்லாருக்கும் தெரிந்தது எனக்கும் தெரியும். நான் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "இது எம்புள்ளைக்கு மட்டும்தான் மிஸ்ஸி" என்றாள். அதை நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது எத்தனை டின் என்று கேட்டார். ஒன்று என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. அடுத்து, பார்சலைக் கொண்டுவந்தது யார் என்றார். மனோகரன் என்றேன். அது உண்மை. முதல் பதிலோடு சேர்ந்ததும் அந்த உண்மைதான் அவரைக் கொண்டுபோயிற்று. ஜீப்பில் ஏறும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மருந்து அலமாரியைத் திறந்து ஏதோ தேடுவதுபோல நின்றேன்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் போயிற்று. மனோகரனை எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று அத்தான் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

போன வாரம் மனோகரனின் தாய் பிச்சையம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வெறும் தரையில் உட்கார்ந்து, "ஒங்களுக்குத்தான் மிஸ்ஸி இங்கிலீஷ் எழுத வரும். எம்மவன் களவு செய்யலன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க. நான் கைநாட்டு வைக்கிறேன்" என்றாள். எழுதினேன், ஜேன். என் பேனாவால், நல்ல இங்கிலீஷில், 'என் மகன் குற்றமற்றவன்' என்று எழுதினேன். அவள் கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் வைத்ததும் நான்தான். அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அதன் பிறகும் ஐந்து நாள் பேசாமல் இருந்தேன். உன் கடிதம் வந்திராவிட்டால் எத்தனை நாள் இருந்திருப்பேனோ.

மிஸஸ் பார்லோவைப் பற்றி நீ எழுதியது வலித்தது. ஆனால் அவள் மேல் கோபமில்லை. அந்தக் கடையில் எனக்குப் பயம் இருந்ததில்லை. அதைத்தான் நான் இத்தனை நாள் வெண்ணெய், பிஸ்கட் என்று எழுதிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

கான்ஸ்டபிள் வந்தால் இரண்டு என்று சொல். படிப்பை விட்டுவிட்டு ஓடி வராதே. இது அக்காவின் உத்தரவு.

அத்தான் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். எனக்காக ஜெபம் செய்.

கேதரின்

*

ஜித்ரா,
18-10-1953

அன்புத் தங்கை ஜேனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் சுகம். நான் கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நீ முதல் வருஷப் பரீட்சையில் தேறிய செய்தியை அத்தான் முகாமுக்கு வந்து சொன்னார். அன்று பக்கத்தில் இருந்த பெண்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தடுப்பு முகாமில் ஐந்து மாதம் இருந்தேன். குழந்தைக்காகக் கொடுத்தது, நானாக வந்து சொன்னது, இரண்டையும் கருதி வழக்குப் போடவில்லை. செப்டம்பர் கடைசியில் விட்டார்கள். இனி எந்தத் தோட்டத்திலும் வசிக்கக்கூடாது, ஜித்ராவைவிட்டு வெளியே போகக்கூடாது, திங்கள்தோறும் போலீஸ் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு. தோட்டத்தில் அத்தானுக்கும் வேலை போயிற்று. இங்கே ஒரு நெல் ஆலையில் எழுத்து வேலை கிடைத்திருக்கிறது. ஒரே அறை வீடு, பின்னால் வயல். ராக்காயியைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் யாருக்கும் தெரியவில்லை.

நான் போன மூன்றாம் நாளே மனோகரனை விட்டுவிட்டார்களாம். அதை மட்டும் முகாமில் யாரோ சொன்னார்கள். அவருக்கு எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். என்ன எழுதுவது?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரே வந்து நின்றார். மெலிந்திருந்தார். காதோரம் நரைத்துவிட்டது. தோட்டத்தில் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. இப்போது மெர்போக் பக்கம் வேறொரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அத்தான் நாற்காலியைப் போட்டுவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார்.  அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

பிறகு அவரே தொடங்கினார். "தபாலாபீஸ்லேருந்து வாங்கும்போதே பார்சல் ஓரம் கிழிஞ்சிருந்துச்சு மிஸ்ஸி. ரெண்டு டின்னயும் நான் பாத்தேன். ராக்காயி முந்தானைக்குள்ள ஒண்ண மறைச்சுக்கிட்டுப் போனதயும் பாத்தேன்."

 அப்படியானால் விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தினமும் கேட்டாங்க. தெரியாதுன்னேன். நான் சொன்னா நீங்க உள்ள போயிருவீங்க. நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு. முப்பத்தெட்டு நாள் மிஸ்ஸி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்கு அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. இடது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை என்பதைத் தேநீர்க் கோப்பையை வாங்கும்போது பார்த்தேன். எத்தனை பேருக்குக் கட்டுப் போட்ட கை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், தன் தாய் என் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருப்பதாக மட்டும் சொன்னார். அது நியாயம்தான் என்றேன்.

டின்னைக் கொடுத்ததற்கு நான் இன்றுவரை வருந்தவில்லை, ஜேன். அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை என் முன்னால் கிடத்தினால் அதையேதான் செய்வேன். ஆனால் அந்த முப்பத்தெட்டு நாளை நான் யாரிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?

தேநீரைக் குடித்து முடித்து எழுந்தவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். போகவில்லை. அவர் மனைவிக்கு டிசம்பரில் பிரசவமாம். முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது, உனக்கு எழுதியிருக்கிறேனோ என்னவோ. மெர்போக் பக்கம் தாதி கிடையாது. நீங்கள் வர முடியுமா என்று கேட்டார்.

ஜித்ராவைவிட்டு நான் வெளியே போகக்கூடாது, உத்தரவு இருக்கிறது என்றேன். 

 "அப்ப நான் இங்க கூட்டிக்கிட்டு வரேன் லா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

உன் பாடப் புத்தகத்தில் பிரசவ காலத்து இரத்த அழுத்தம் பற்றிப் புதிதாக ஏதாவது இருந்தால் எழுதி அனுப்பு. நான் படித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. டிசம்பர் இரண்டாம் வாரம் என்று சொன்னார். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறோம். வெள்ளைத் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

உன் அக்கா,
கேதரின்